புகார்ப் பிரிவு இங்கிலீஷ்

டிசம்பர் 3

தம்பிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். தெரிவிப்பது முறை என்பதால் தெரிவிக்கிறேன். நீ கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய் என்று நினைத்து அல்ல.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ சிரிப்பாய். கடிதத்தைப் படித்துவிட்டு எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. அன்று சம்பந்தி வீட்டார் முன்னால் நீ சிரித்த சிரிப்பே இன்னும் காதை விட்டுப் போகவில்லை. "எங்க அக்காவுக்கு இங்கிலீஷ் நல்லா வரும். ஆனா சண்டை போடற இங்கிலீஷ் மட்டும்தான் வரும்." மாப்பிள்ளை சிரித்தார். அவருடைய அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உன் மகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு தோளைக் குலுக்கினாள். நான் பார்த்தேன்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். உன்னைக் கல்லூரிக்கு அனுப்பியது யார் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் சொல்லிக்காட்டுகிறாள் என்பாய். குடிநீர் அலுவலகத்துப் புகார்ப் பிரிவில் கடிதம் பிரித்து அடுக்கும் வேலைக்குச் சேர்ந்து, இங்கிலீஷில் வந்த ஒவ்வொரு கோபத்தையும் அகராதி வைத்துக்கொண்டு படித்து, கடைசியில் அவற்றுக்குப் பதில் எழுதும் நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தது எந்த வாத்தியாரும் இல்லை. குழாயில் தண்ணீர் வராத ஜனங்கள்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க என்னை இந்த நாட்டுக்கு அழைத்த தொண்டு அமைப்பு என் பட்டத்தைக் கேட்கவில்லை. ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு இங்குள்ள ஆசிரியர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடைவெளியை நிரப்ப வெளிநாட்டிலிருந்து சம்பளமில்லாமல் வந்திருக்கிறோம். என்னைத் தவிர எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். பாதி நேரம் தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கொடுத்திருக்கும் அறையில் இரண்டடுக்குக் கட்டில். மேல் தட்டில் இருப்பவள் தும்மினால் என் தலையணை ஆடுகிறது. ஜன்னல் முழுதாக மூடுவதில்லை. வந்த அன்றே எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில். மாணவிகள் ஆறு பேர். எல்லாரும் ஒரே சலவை நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளை மூட்டை மூட்டையாக வெளுக்கும் இடம். அவர்கள் பெயர் என் வாயில் நுழையவில்லை. பார்க்கும் வேலையை வைத்துக் கூப்பிடுகிறேன். இஸ்திரி, மடிப்பு, துணி சுழலும் பெரிய உருளையில் வேலை செய்கிற பேரல். மற்ற மூன்று பேர் மூட்டை தூக்குகிறவர்கள். அவர்கள் எப்போதும் ஒன்றாகவே பேசுவதால் தனித்தனிப் பெயர் தேவைப்படவில்லை.

ஜனவரி நடுவில் மருத்துவமனையில் வார்டு உதவியாளர் வேலைக்குத் தேர்வு. இங்கிலீஷில் பேசிக் காட்ட வேண்டும். தேறினால் நீராவியிலிருந்து விடுதலை. மடிப்புக்கு இதில் இன்னொன்றும் இருக்கிறது. சலவை நிலையத்து விடுதியில் பிள்ளைகளை வைத்துக்கொள்ள அனுமதியில்லை. இரண்டு குழந்தைகளையும் தன் அக்கா வீட்டில் விட்டிருக்கிறாள். மருத்துவமனை வேலை கிடைத்தால் குடும்பத்துக்கு அறை தருவார்கள். முதல் நாள் அவள் தன் மொழியில் சொல்லி, பேரல் தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீஷ் வார்த்தையில் அதைச் சொன்னாள்.

ஆறு பேரையும் தேற வைத்துவிட்டு வருகிறேன். வந்து உன் மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்று பேசிக்கொள்கிறேன்.

அக்கா

டிசம்பர் 11

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

தண்ணீர் மோட்டார் சுவிட்ச் மாடியில் உன் வீட்டுக்குள் இருக்கிறது. உன் வீடு பூட்டியிருக்கிறது. சாவி உன் கைப்பையில். கைப்பை அங்கே. உன் கோபத்தில் நீ யோசித்திருக்க மாட்டாய் என்று நம்பவே விரும்புகிறேன். ஆனால் நேற்று என் மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தி அம்மாளும் விடுமுறைக்கு வந்து இறங்கி, எல்லாரும் குளித்து முடிப்பதற்குள் தொட்டி காலி.

மகள் கேட்டாள். "அப்பா, அத்தை வேணும்னே எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

"உங்க அத்தை வேணும்னு செஞ்சா சொல்லிட்டுத்தான் செய்வா. சொல்லலை. அதனால இது தெரியாம நடந்தது."

"அப்போ போன் பண்ணி கேளுங்க."

"போன் எடுக்க மாட்டா. கடிதம் எழுதணும்."

"தண்ணி இல்லைன்னு கடிதமா? பதில் வர்றதுக்குள்ள நாங்க கிளம்பிடுவோமே!"

சம்பந்தி அம்மாள், அடுத்த வீட்டிலிருந்து நான் வாளியில் கொண்டுவந்த தண்ணீரை ஒரு செம்பில் எடுத்து முகம் கழுவிவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டே, "உங்க அக்கா தண்ணீர் ஆபீசுலதானே இருந்தாங்க?" என்று மட்டும் கேட்டார். அந்த நொடியில் எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

பூட்டை உடைக்கலாமா? அனுமதி கேட்டு எழுதுகிறேன். நான் அன்று சொன்னது தமாஷ், அக்கா. ஒரு தமாஷுக்காக அறுபத்தெட்டு வயதில் யாராவது விமானம் ஏறுவார்களா?

சொல்லிக்கொடுக்கும்போது கொஞ்சம் சிரித்த முகமாக இரு. என் கடையில் கண்ணாடி மாற்ற வருகிறவர்களிடம் நான் செய்வதைப் போல. பாவம், அந்தப் பெண்கள் பயந்துவிடப் போகிறார்கள்.

தம்பி

டிசம்பர் 19

தம்பிக்கு,

பூட்டை உடைக்கக் கூடாது.

சாவியை நான் எடுத்து வந்தது தவறுதல் இல்லை. வீட்டைப் பூட்டினால் சாவியை எடுத்துக்கொண்டு போவது உலக வழக்கம். மாடியில் சுவிட்ச் வைத்தபோதே கீழே ஒன்று வை என்று சொன்னேன். "எதுக்கு அக்கா ரெண்டு, நீதான் எப்பவும் வீட்டுல இருக்கியே" என்றாய். நான் எப்போதும் வீட்டில் இருப்பவள் என்று நீயாக முடிவு செய்ததற்கு நான் பொறுப்பில்லை.

என் மாணவிகள் பயந்துவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். யார் பயந்தார்கள் என்று சொல்கிறேன், கேள். (அவர்கள் இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.)

இங்கே கொடுத்த பாடப் புத்தகத்தில் ஒருவன் கடைக்குப் போய் ஆப்பிளின் நிறத்தைச் சொல்கிறான். பக்கம் பக்கமாகச் சொல்கிறான். அதை மூடி வைத்துவிட்டேன். நான் எப்படிக் கற்றேனோ அப்படியே கற்பிக்கிறேன். ஒவ்வொருத்தியும் தினமும் ஒரு குறையோடு வர வேண்டும். அதை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மற்றவள் அதிகாரியாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பதில் சரியில்லை என்றால் விடக் கூடாது. முதல் வாரம் வாயே திறக்காதவர்கள் இப்போது என் வகுப்பு முடிந்தும் படியிறங்கிக்கொண்டே வாதாடுகிறார்கள். கீழே டயர் கடைக்காரர் ஒருநாள் மேலே வந்து, "சண்டையா?" என்று கேட்டார். "பாடம்" என்றேன்.

சலவை நிலையத்தில் இஸ்திரி நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீராவிக் குழாய் மூடாமல் ஓடுகிறது. வருஷக்கணக்காக அதில் கை பட்டுக்கொண்டே வேலை செய்திருக்கிறார்கள். போன வியாழக்கிழமை இஸ்திரி நேராக மேற்பார்வையாளரிடம் போயிருக்கிறாள். "ஐயா, இந்த நிலைமை ஏற்கத்தக்கது அல்ல. என்று சரி செய்வீர்கள் என்று தேதி குறிப்பிட்டுச் சொல்லவும்." அந்த ஆள், "உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார். பின்னால் நின்ற மூட்டைக்காரிகள் மூன்று பேரும் ஒரே குரலில், "கேட்ட கேள்விக்குப் பதில் அது இல்லை" என்றார்களாம்.

திங்கட்கிழமை குழாயைச் சுற்றிப் பஞ்சும் தகரமும் வந்துவிட்டது.

மடிப்பு மட்டும் இன்னும் தயங்குகிறாள். "எனக்குக் குறை ஒண்ணும் இல்லை டீச்சர்" என்கிறாள். பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டுவிட்டு வந்தவளுக்குக் குறை இல்லையாம். எனக்கு எரிச்சலாக வருகிறது.

சண்டை போடும் இங்கிலீஷுக்கு என்ன மதிப்பு என்று உன் சம்பந்தி அம்மாளிடம் இதைப் படித்துக் காட்டு.

அக்கா

டிசம்பர் 24

தம்பிக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். காரணம் இருக்கிறது.

இங்கே எங்களை மேற்பார்க்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். உன் மகள் வயது. எதற்கெடுத்தாலும் சிரிப்பாள், நான் ஜன்னலைப் பற்றி எழுதிக் கொடுத்தபோதும் சிரித்தாள். அவளைப் 'புன்னகை' என்றுதான் நான் குறிப்பிடுவது வழக்கம். சலவை நிலையத்திலிருந்து அவளுக்குப் போன் போயிருக்கிறது. நேற்று வகுப்புக்கு வந்தாள். திட்டப் போகிறாள் என்று தயாராக நின்றேன். திட்டவில்லை. "தேர்வு எப்படி இருக்கும்னு ஒருமுறை பார்த்துடலாமா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு பெஞ்சை ஒட்டிப் போட்டு அதன் மேல் மல்லாக்கப் படுத்துக்கொண்டாள்.

தேர்வு இதுதானாம். தேர்வாளர் நோயாளியாகப் படுத்திருப்பார். வார்டு உதவியாளர் அவரிடம் பேச வேண்டும். அவ்வளவே. எனக்கு இதை யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. பாடப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்ததாம்.

புன்னகை முனகினாள். "ரொம்ப வலிக்குது. பயமா இருக்கு. டாக்டர் எப்போ வருவார்?"

இஸ்திரி முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள். "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. ஏழு வேலை நாட்களுக்குள் உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

பேரல், "இதை ஏன் முன்பே தெரிவிக்கவில்லை?" என்றாள். மூட்டைக்காரிகள் நோயாளியின் பெயரையும் முகவரியையும் கேட்டார்கள். மடிப்பு புன்னகையின் காலடியில் சுருண்டு கிடந்த அவளுடைய போர்வையை எடுத்து மடித்து வைத்தாள்.

புன்னகை எழுந்து உட்கார்ந்தாள். முதல் முறையாகச் சிரிக்கவில்லை. "மேடம், நீங்க ஒருமுறை செஞ்சு காட்டுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டாள்.

ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கு வரவில்லை. இங்கிலீஷில் வரவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். மணியாகிவிட்டது என்று வகுப்பை முடித்துவிட்டு அறைக்கு வந்து, தமிழில் யோசித்து மொழிபெயர்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அகராதி மடியில் இருந்தது. மொழிபெயர்ப்பதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நீ கடையில் நாள் முழுதும் கண் சரியாகத் தெரியாதவர்களோடு இதமாகப் பேசிப் பிழைப்பு நடத்துகிறவன். உனக்கு அந்த மாதிரி வாக்கியங்கள் தெரியும். ஒரு தாளில் இங்கிலீஷில் எழுதி அனுப்பு. இது கெஞ்சல் இல்லை. தேர்வு ஆறு பேருடையது.

அக்கா

டிசம்பர் 27

அக்காவுக்கு,

நீராவிக் குழாய்க் கதையைப் படித்துக் காட்டினேன். சம்பந்தி அம்மாள் கேட்டுவிட்டு, "இவங்க இங்க இருந்திருந்தா நம்ம தண்ணிப் பிரச்சினைக்கு யார்மேலயாவது புகார் கொடுத்திருப்பாங்க" என்றார். மாப்பிள்ளை, "அத்தை மேலயே கொடுத்திருப்பாங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். உனக்குக் கேட்டிருக்காது, அதனால் சொல்கிறேன்.

பூட்டை உடைக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து மாடிச் சுவருக்கு வெளியே வயரைப் பிடித்து, கீழே என் சமையலறையில் புது சுவிட்ச் போட்டுவிட்டார். "இவ்வளவு நாளா ஏன் சார் இதைப் போடலை?" என்றார். கூலியைக் கொடுத்து அனுப்பினேன். உன் பதில்தான் எனக்குத் தெரியுமே.

ஆக, அங்கேயும் நீ அதே இங்கிலீஷைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாய். நான் சொன்னது பொய்யில்லை என்று இப்போது நீயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறாய்.

இவர்கள் நாளை கிளம்புகிறார்கள்.

தம்பி

ஜனவரி 1

அக்காவுக்கு,

உன் இருபத்துநான்காம் தேதிக் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. போன கடிதத்தில் நான் எழுதியதை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. அது உன் முந்தைய கடிதத்துக்கு. எனக்குத் தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

நீ கேட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் இதையும் எழுதாமல் விட முடியவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் வார்டில் படுத்திருந்தாள். என் மனைவியைத்தான் சொல்கிறேன். நீ அவளைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பதால் தெளிவாகச் சொல்கிறேன். கடைசி வாரம். நீ தினமும் வந்தாய். வந்து கட்டில் பக்கம் உட்காரவில்லை. வாசலில் நின்றுகொண்டு, "இங்க யார் பொறுப்பு?" என்று கத்தினாய். அலுவலகத்துக்குப் போனாய். திரும்பி வந்து மறுபடி கத்தினாய். நர்ஸ் என்னிடம் வந்து, "சார், அவங்களைக் கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றாள். நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ என்னிடம் ஏதாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். இறுதிச் சடங்கு முடிந்த அன்றும் நீ மாடியில் உட்கார்ந்து மருத்துவமனைக்குப் பக்கம் பக்கமாகப் புகார் எழுதிக்கொண்டிருந்தாய். கீழே எனக்குப் பேனா சத்தம்தான் ஆறுதல்.

அதனால் ஆறுதல் வாக்கியம் வேண்டும் என்று நீ என்னிடம் கேட்பது எனக்கு என்னவோ போல இருக்கிறது. இருந்தாலும் எழுதியிருக்கிறேன். பயப்படாதீர்கள், நான் இங்கேயே இருக்கிறேன். மெதுவாகச் சொல்லுங்கள், அவசரமில்லை. வலி எங்கே என்று காட்டுங்கள். இந்த மாதிரி ஒரு பக்கம் நிறைய. இவற்றைச் சொல்வதற்கு இங்கிலீஷ் பெரிதாகத் தேவையில்லை, அக்கா.

தம்பி

ஜனவரி 9

தம்பிக்கு,

தாள் கிடைத்தது. வாக்கியங்கள் நன்றாக இருக்கின்றன. இரண்டு இடத்தில் பிழை இருந்தது. திருத்தி ஆறு பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டேன். மடிப்பு முதல் நாளே முழுதும் மனப்பாடம் செய்துவிட்டாள். தேர்வு பதினாறாம் தேதி.

மற்றதற்கு வருகிறேன். பதில் சொல்லாமல் விடுவது என் வழக்கம் இல்லை.

நான் எதற்குக் கத்தினேன் என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. அந்த வார்டில் அவள் கட்டிலுக்கு மேலே இருந்த மின்விசிறி ஓடவில்லை. அவளுக்கு மூச்சு முட்டியது. நீ பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, "சரியாயிடும்மா, சரியாயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாய். உன் கையிலிருந்து காற்று வரவில்லை. வார்டு மேற்பார்வையாளர் பொறியாளரைப் பார் என்றார். பொறியாளர் கிடங்கைக் கேள் என்றார். கிடங்கில் விடுமுறை என்றார்கள். நான் கிடங்குக்காரர் வீட்டைக் கண்டுபிடித்துப் போய் அவரைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி அழைத்து வந்தேன். விசிறி ஓடியது. நீ அப்போது மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். அவள் கண்ணைத் திறந்து, "அண்ணி, காத்து வருது" என்றாள்.

இதை உன்னிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. விசிறி தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. நீ நிமிர்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இன்று வரை நீ ஒரு வார்த்தை கேட்டதில்லை. நர்ஸ் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது உனக்கு.

அக்கா

ஜனவரி 18

தம்பிக்கு,

என் முந்தைய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. எழுதாவிட்டால் போ. இது தேர்வு விஷயம்.

ஐந்து பேர் தேறிவிட்டார்கள். மடிப்பு தேறவில்லை.

நான் வெளியே தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அவரவர் வந்து சொன்னார்கள். இஸ்திரி உள்ளே போனதும் பயத்தில் உன் தாளை மொத்தமாக மறந்துவிட்டாள். தேர்வாளர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "ரொம்ப நேரமா மணி அடிக்கிறேன், யாரும் வரலை" என்றிருக்கிறார். இவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "யார் டூட்டி? நீங்க படுங்க, நான் இழுத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். அதை நானே பார்த்தேன். தாழ்வாரத்தில் தன் வேலையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு நிஜ நர்ஸின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தேர்வாளர், "எனக்கு உடம்பு சரியில்லாம போனா இவங்களையே அனுப்புங்க" என்றாராம்.

மடிப்பு ஒரு வார்த்தை மறக்கவில்லை. உன் தாளில் இருந்ததை மேலிருந்து கீழே வரை வரிசையாக, விரிப்பு மடிக்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறாள். நடுவில் தேர்வாளர், "எனக்குக் கால் மரத்துப் போச்சு" என்றாராம். இவள் அடுத்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். "நான் சொல்றது காதுல விழுதா?" என்று அவர் கேட்டிருக்கிறார். அதற்கும் அடுத்த வாக்கியம்.

உன் தாள் தோற்றது. என் புகார்ப் பாடம் பாதி ஜெயித்தது. ஆனால் எனக்கு அதில் பெருமைப்பட நேரமில்லை. அழுதால்கூடச் சத்தம் வராமல் அழுகிறாள் அந்தப் பெண். மறுநாள் சலவை நிலையத்துக்குப் போனேன். உள்ளே விட மாட்டேன் என்றார்கள். அவர்களுடைய பெயரையும் பதவியையும் கேட்டேன், விட்டார்கள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவளோடு மடிக்கிறவள் அன்று லீவு. நான் அந்தப் பக்கம் நின்று மூலையைப் பிடித்துக்கொண்டேன். அவள் வேலை முடியும் வரை மடித்தோம். என் தோள் இன்னும் வலிக்கிறது.

மறுதேர்வு வேண்டும் என்று மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தேன். பிப்ரவரி கடைசியில் தருவதாக ஒப்புக்கொண்டுவிட்டார்கள். அதனால் நான் இப்போது கிளம்புவதாக இல்லை. விடுமுறை முடிந்து பழைய ஆசிரியர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். வகுப்பறையைக் காலி செய்யச் சொன்னார்கள். "மேடம், உங்க காலம் முடிஞ்சுடுச்சு" என்றாள் புன்னகை. "அவ காலம் முடியலையே" என்றேன். டயர் கடைக்காரர் பின்பக்கத்தில் இரண்டு நாற்காலி போட இடம் கொடுத்திருக்கிறார்.

இப்போது உனக்கு வேலை. பிப்ரவரி முதல் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, மடிப்பு உனக்குப் போன் செய்வாள். நீ நோயாளி. ஒரு தும்மலுக்கு மூன்று நாள் படுக்கிறவன் நீ, உனக்கு நடிப்பு தேவைப்படாது. அவள் உன் தாளில் இருப்பதைச் சொன்னால் தாளில் இல்லாததைச் சொல். திணற விடு. பரிதாபப்பட்டு விட்டுக்கொடுத்தாயானால் தெரியும் சேதி.

அக்கா

பிப்ரவரி 1

அக்காவுக்கு,

ஜனவரி ஒன்பதாம் தேதிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதாமல் இல்லை. எழுதினேன். கிழித்தேன். காற்று வருகிறது என்று அவள் சொன்னதை மூன்று வருடம் உன்னிடமே வைத்துக்கொண்டு, சண்டையில் ஜெயிப்பதற்காக என்னிடம் எடுத்துப் போடுகிறாய் பார், அதற்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அந்த வரியை மட்டும் பல தடவை படித்தேன். அவள் கடைசியாக என்னிடம் எதுவும் பேசவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடமாவது பேசியிருக்கிறாள்.

சரி. உன் மாணவி இன்று கூப்பிட்டாள்.

"வணக்கம். நான் வார்டு உதவியாளர். பயப்படாதீர்கள், நான் இங்கேயே இருக்கிறேன்" என்று ஆரம்பித்தாள். என் தாள். நீ சொன்னபடி குறுக்கே விழுந்தேன். முட்டி வலி என்றேன். ராத்திரி தூக்கமில்லை என்றேன். அடுத்த வாக்கியம் வந்தது. "எல்லாம் சரி, என் வலிக்கு என்ன வழி?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு மெதுவாக, தாளில் இல்லாத ஒரு கேள்வி. "படுத்திருக்கீங்களா, உட்கார்ந்திருக்கீங்களா?"

"உட்கார்ந்திருக்கேன்."

"காலை நீட்டுங்க."

"நீட்டிட்டேன்" என்றேன். நோயாளி வேஷம்தானே, நிஜமாக எதற்கு என்று.

"இல்லை. நீட்டலை. நாற்காலி சத்தம் கேக்கலை."

அக்கா, நான் நாற்காலியைத் தள்ளிக் காலை நீட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு நாற்காலி போட்டு அதன் மேல் வைக்கச் சொன்னாள், வைத்தேன். அடியில் துணி மடித்து வைக்கச் சொன்னாள்; எப்படி மடிப்பது என்று இரண்டு தடவை சொன்னாள், நான் மடித்ததில் அவளுக்குத் திருப்தியில்லை. "வீட்டுல யார் இருக்காங்க?" என்றாள். மகள் போய்விட்டாள், மாடியில் அக்கா இருப்பாள், இப்போது இல்லை என்றேன். "டீச்சரா?" என்றாள். ஆமாம் என்றேன். "அவங்களுக்கு உங்க முட்டி வலி தெரியுமா?"

தெரியாது. அதை உன்னிடம் எங்கே சொல்வது? நிஜ வலிதான், நவம்பரிலிருந்தே இருக்கிறது. சொல்லியிருந்தால் நீ டாக்டரின் பெயரையும் பதவியையும் கேட்டுக்கொண்டு கிளம்பியிருப்பாய். அவளிடம் இதை இங்கிலீஷில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "வலி குறையற வரைக்கும் நான் போனை வைக்கலை" என்றாள். வைக்கவும் இல்லை. நான் கடை கதை, கண்ணாடிக் கதை என்று என்னென்னவோ பேசினேன். நடுவில் அவள் பிள்ளைகளைப் பற்றி இரண்டு வாக்கியம் சொன்னாள். மனப்பாடம் இல்லை, தப்பும் தவறுமாக, ஆனால் சொன்னாள். மூத்தவன் பெரியம்மாவை அம்மா என்றும் அவளைச் சித்தி என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டானாம். அதுதான் குறை என்றாள். அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் தேறிவிடுவாள். பிப்ரவரி முழுக்க இருந்து அவளுக்கு அந்த அறையை வாங்கிக் கொடுத்துவிட்டு வா. அதற்கு முன்னால் வந்து நின்றால் நானே கதவைத் திறக்க மாட்டேன்.

அவள் பின்னால் நீ நின்றுகொண்டிருந்தாய். டயரில் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே நீ மூக்கை உறிஞ்சியது கேட்டது. ஜலதோஷம் என்று எழுதாதே. அடுத்த ஞாயிறு அவள் பேசி முடித்ததும் போனை வாங்கு. என்ன பேசுவதென்று வராவிட்டால், யார் மேலாவது புகார் சொல். கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தம்பி